அகழியில் ரசம்

கூகைமலைக் குகையில் இருக்கும் சாமி உட்கார்ந்திருக்கிறது என்பது எங்கள் மதம். நின்றுகொண்டிருக்கிறது என்பது மழவராயருடைய மதம். குகை கும்மிருட்டு, இரண்டு கூட்டமும் பார்த்ததில்லை. இதற்காகத்தான் அவர் படையோடு வந்து எங்கள் கோட்டையை வளைத்துக் கிடந்தார்.

உள்ளே புளியங்கொட்டைகூடத் தீர்ந்துவிட்டது. முற்றுகை விலகாவிட்டால் மறுநாள் கதவைத் திறந்து கழுத்தை நீட்ட வேண்டியதுதான். கோட்டைக்குள் சோறு குவிந்து கிடக்கிறது என்று நம்பினால் எதிரி சலித்துப் போய்விடுவான் என்று, ஊரிலேயே பெரிய புளுகனான சேந்தனைத் தூது அனுப்பினார்கள். வெள்ளைத் துணி பிடிக்க நான். பொய் பாவம் என்கிற மதத்தைக் காப்பாற்றப் பொய் சொல்லப் போகிறோமே என்று, ஐம்பது வயதைத் தாண்டிய எனக்கு வழியெல்லாம் யோசனை. சேந்தனுக்கு அந்தத் தொந்தரவு கிடையாது.

மழவராயர் முன்னால் போய் நின்றதும் நீளமாக ஓர் ஏப்பம் விட்டான்.

“எலும்பும் தோலுமா இருக்கே, ஏப்பம் வேறயா?” என்றான் ஒரு வீரன்.

“அண்ணே, ஊர்லயே நோஞ்சான் நாங்க ரெண்டு பேருதான். மத்தவனெல்லாம் கோட்டை வாசல்ல சிக்கிக்கிறான்.”

எல்லோரும் சிரித்தார்கள். சேந்தனுக்குச் சூடு பிடித்தது.

“சிரிங்க. அகழியில கெடக்கிறது தண்ணின்னா நெனச்சீங்க? மிஞ்சின ரசம். மிளகுக் காரத்துல முதலையெல்லாம் ஓயாம தும்முது.”

“டேய், காலையில அதுலதான் மூஞ்சி கழுவுனேன். ரசமும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“கலக்காம மேலாக மொண்டிருப்பீங்க. தெளிவு அப்படித்தான் இருக்கும். மண்டி அடியில.”

அந்த வீரன் தன் உள்ளங்கையை மோந்து பார்த்துக்கொண்டான்.

“நீங்க கவண்ல எறியிற கல்லுக்கு எங்க பொம்பளைங்க கையெடுத்துக் கும்பிடுறாங்க. வீட்டுக்கு ஒரு அம்மி ஆயிருச்சு. இனிமே கொஞ்சம் நீட்டுக்கு உருண்டையா எறியச் சொல்லுங்கய்யா. குழவி பத்தல.”

மழவராயர் வாளை உருவினார். “நாக்கை அறுத்துருவேன். அவ்வளவு சோத்தையும் எங்கடா வைக்கிறீங்க?”

சேந்தன் நிதானமாக மதிலைக் காட்டினான். “வைக்க எடமில்லாமத்தான் அதுல பூசுறோம். சுண்ணாம்புன்னு நெனச்சு முட்டுறீங்களே, அது தயிர்சாதம்.”

யாரும் சிரிப்பதற்குள் ஒரு யானைப்பாகன் எழுந்தான். “அய்யா, சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நேத்து மதிலை இடிக்க விட்ட யானை இடிக்கவே இல்ல. நக்கிக்கிட்டே நிக்குது. குத்தி இழுத்தாலும் வர மாட்டேங்குது.”

சுண்ணாம்புச் சாந்தில் வெல்லப்பாகு கலப்பது எங்கள் ஊர்க் கொத்தர்களின் வழக்கம். அதைச் சொல்லிவிடலாமா என்று என் மனசாட்சி கேட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

படை முழுக்க எச்சில் விழுங்கும் சத்தம். அப்போதுதான் கவனித்தேன்: அவர்கள் அடுப்புகளில் புகை இருந்தது, மேலே பானை இல்லை.

மழவராயர் வாளை உறையில் போட்டுவிட்டு, சேந்தன் காதருகே குனிந்தார். “தம்பி, சாமி உட்கார்ந்துதான் இருக்குன்னு நாங்க ஒத்துக்கிட்டா, எல்லாருக்கும் எலை போடுவீங்களா?”

சேந்தன் பழக்க தோஷத்தில் பலமாகத் தலையை ஆட்டிவிட்டான்.

நாங்கள் முன்னால் நடந்தோம். ஆயுதங்களைப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு தாமரை இலையோடு மொத்தப் படையும் பின்னால் வந்தது.

மதில் மேலிருந்து எங்கள் கோட்டைத் தலைவர் கத்தினார்: “என்னடா சேந்தா, கெளம்பிட்டாங்களா?”

“கெளம்பிட்டாங்க,” என்றான் சேந்தன். “பந்திக்கு.”