லாபம் என்று ஓர் அளவு

முன்னொரு காலத்தில், பெயர் இப்போது யாருக்கும் நினைவில்லாத ஒரு நாட்டில், செங்கமலம் என்பவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினாள். "குழம்பு அடிப்பிடிக்காமப் பார்த்துக்குங்க. இதோ வந்துடறேன்" என்றாள். அவள் கணவர் தாண்டவராயர், அரசரைச் சிரிக்க வைக்கும் அரண்மனை விகடர். அவர் கிளறிக்கொண்டே இருந்தார். மலையில் பெய்த மழை அன்று சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளமாக இறங்கி வந்தது.

உடல் கிடைக்கவில்லை. அவளுக்கென்று அவரிடம் மிஞ்சிய இடம் அந்த ஆறு ஒன்றுதான். சபைக்குப் போவார், வாய் திறக்க மாட்டார். மற்ற நேரமெல்லாம் ஆற்றங்கரையில் இருப்பார்.

நெடுநாளாக அவர்மேல் பொறாமை கொண்டிருந்தவர் திருமேனிக் கவிராயர். ஒருநாள் அவர் சபையில் பதினான்கு அடியில் ஒரு காதல் பாட்டுப் பாடினார். அழகு வாடும், ஆண்டுகள் ஓடும், என் காதல் மட்டும் குறையாது, அது நம் ஆற்று நீரளவு என்று முடித்தார்.

"ஆற்று நீர் எவ்வளவு, கவிராயரே?" என்றார் அரசர்.

"அதை விகடரிடம் கேட்க வேண்டும், அரசே. நாளெல்லாம் கரையில் உட்கார்ந்து வேறென்ன செய்கிறார்? அளந்துகொண்டுதான் இருப்பார்!"

சபை சிரித்தது. அரசருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. "விகடரே, நாளை நம் முன்னிலையில் ஆற்றை மரக்காலால் அளந்து சொல்லும். இயலாவிட்டால், சிரிக்க வைக்காத விகடருக்கு இந்நாட்டில் இடமில்லை."

மறுநாள் தாண்டவராயர் மரக்காலோடு நீரில் இறங்கினார். நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை 'ஒன்று' என்பதில்லை, 'லாபம்' என்பார்கள். பிறகுதான் இரண்டு, மூன்று. அவரும் மொண்டார், "லாபம்" என்றார், ஊற்றினார். மறுபடி மொண்டார், "லாபம்" என்றார். வெயில் ஏறியது. லாபம், லாபம் என்றே போனது.

"இரண்டு எப்போது வரும்?" என்றார் அரசர்.

"முதல் மரக்காலைத் தாண்டினால் வரும், அரசே. நான் மொண்ட ஆறு போய்விட்டது. இது புதிதாக வந்தது. புதிதுக்கு முதல் மரக்கால் லாபம்தானே?"

"வெறும் சோம்பல்!" என்று கவிராயர் மரக்காலைப் பிடுங்கினார். ஒருமுறை மொண்டு ஊற்றினார். மறுமுறை மொண்டு, "இரண்டு!" என்று கூவினார்.

"அந்த ஒன்று எங்கே, கவிராயரே? காட்டும்" என்றார் தாண்டவராயர்.

கவிராயர் பட்டு வேட்டி நனைய, குனிந்து நீரில் தேடினார். அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கவிராயருக்கு முகம் சிவந்தது. "பெண்டாட்டியை விழுங்கிய தண்ணீரைப் பார்த்து லாபம் லாபம் என்கிறீரே, நெஞ்சு கூசவில்லையா உமக்கு?"

அரசரின் சிரிப்பு நின்றது. தாண்டவராயர் கவிராயர் கையிலிருந்த மரக்காலை வாங்கிக்கொண்டார்.

"பதினோரு வருஷம் கூட இருந்தாளே, ஐயா. அதற்கு வேறென்ன பேர் சொல்வது?"

அரசர் எழுந்து வந்து, தம் கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி விகடருக்குப் போட்டார். "இனி உம்மைப் போ என்று சொல்பவர் யாருமில்லை. அரண்மனைத் தெருவில் ஒரு மாளிகை தருகிறோம். வந்து இரும்."

"மாலை போதும், அரசே" என்றார் தாண்டவராயர்.

அவர் தம் பழைய வீட்டிலேயே இருந்தார். அதன் வாசல் ஆற்றைப் பார்த்திருந்தது.