ஆறடிப் பலகையில் கரக்பூர்

காட்பாடியில் லியாகத் என்றொருவர் இருந்தார். வயது முப்பத்தைந்துதான். சிறிய அளவில் ரயில் செய்து ஓட்டுவதில் அந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது. அவரிடம் தொழில் கற்க வந்தவள் கமலவேணி. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியிருந்தது.

அவள் குடியிருந்தது ஒற்றை அறை. கட்டிலுக்கு மேலே சுவரோடு ஆறடிப் பலகை ஒன்றை அடித்து, அதில் அகலப்பாதை ரயிலுக்கான குட்டித் தண்டவாளம் போட்டாள். இடது கோடியில் காட்பாடி. வலது கோடியில் வங்காளத்துக் கரக்பூர்.

"ஏன் கரக்பூர்?" என்று ஒருமுறை லியாகத் கேட்டார்.

"பேரு பிடிச்சிருக்கு" என்றாள். மகன் இளம்பரிதி அங்கே இருப்பதைச் சொல்லவில்லை. அவன் போய் ஒன்பது வருஷம்.

நான்கு மாதம் உழைத்தாள். பிளாட்பாரம், பெஞ்சு, குடிநீர்க் குழாய், மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயர். எல்லாம் அச்சாக அமைந்துவிட்டது. ஆனால் வண்டியை ஓட்டினால் மனசு ஒப்பவில்லை. ஓர் எஞ்சினும் இரண்டு பெட்டியும்தான். கடைசிப் பெட்டி காட்பாடியை விடுவதற்குள் எஞ்சின் கரக்பூருக்குள் நுழைந்துவிடுகிறது.

லியாகத்தை அழைத்து வந்து காட்டினாள்.

"மாஸ்டர், இதுக்குள்ள தூரத்தை எப்படிக் கொண்டுவர்றது? நடுவுல ஒரு மலை வைக்கட்டுமா?"

அவர் கத்தியை எடுத்து, கரக்பூர் பிளாட்பாரத்தை அடியோடு பெயர்த்தார்.

"ஐயோ, மாஸ்டர்!"

பிளாட்பாரம் தொடங்கிய இடத்தில் ஓர் அட்டையைக் குறுக்கே நிறுத்தினார். வண்டி நுழையும் அளவுக்கு அதில் ஒரு வாசல் வெட்டினார். அட்டைக்குப் பின்னால் வெறும் தண்டவாளம்; அதையும் பக்கவாட்டில் இன்னோர் அட்டையால் மறைத்தார்.

"இப்ப அனுப்புங்கம்மா."

கமலவேணி வண்டியை ஓட்டும் குமிழைத் திருகினாள். வண்டி கிளம்பி, அட்டை வாசலுக்குள் போய் மறைந்தது. குமிழைத் திருப்பி நிறுத்தினாள். காட்பாடி காலியாகக் கிடந்தது.

இருவரும் நின்றார்கள்.

"வண்டி இப்ப எங்க போயிருக்கும்?" என்று லியாகத் கேட்டார்.

"ரேணிகுண்டா வந்திருக்காது."

வெகுநேரம் கழித்து மறுபடி கேட்டார். "இப்ப?"

"கூடூர் தாண்டிருக்கும். ஜன்னலோரமா உட்கார்ந்திருப்பான். சாப்பிட்டானோ என்னவோ." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. "என் பையன், மாஸ்டர். எனக்குப் பிடிக்காத கல்யாணம் பண்ணிக்கிட்டான். ஊரை விட்டுப் போற அன்னிக்கு பிளாட்பாரத்துலேருந்து ஃபோன் பண்ணினான், வரியாம்மான்னு. நான் போகல. அப்புறமும் ரெண்டு வருஷம் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். எடுக்கல."

லியாகத் கத்தியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

அவள் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் எவ்வளவு காலம் இப்படிக் காத்திருக்கணும், மாஸ்டர்?"

"நீங்க எங்கம்மா காத்திருக்கீங்க? வண்டிதான் காத்திருக்கு. குமிழ் உங்க கையில இருக்கு."