பல் பார்த்து வாங்கிய துப்பாக்கி

இன்னும் கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாச் சொன்னா அந்த மூணு பேரோட சொந்தக்காரங்க காதுல விழுந்துடும்.

பொங்கியண்ணனுக்கு நாலு ஏக்கர் கடலைக்காடு. மூணு ஏக்கரைக் காட்டுப்பன்னி கிளறித் தின்னாச்சு. மிச்சம் இருந்த ஒரு ஏக்கரை நம்பித்தான் வீட்டுல அஞ்சு வாய். அலைஞ்சு திரிஞ்சு லைசென்ஸ் வாங்கி, துப்பாக்கி எடுக்கக் கோயமுத்தூருக்குக் கிளம்பினார். துணைக்கு மச்சான் செம்மலை. யோசனை சொல்ல நாச்சிமுத்து. மூணு பேருமே மாட்டு யாவாரிங்க. அதுல நாச்சிமுத்து வெவரமானவர்னு ஊரே சொல்லும்.

கண்ணாடி போட்ட கடைக்காரர் ரெண்டு கைத்துப்பாக்கியை எடுத்து வெச்சார். ஒண்ணு கறுப்பு, ஒண்ணு வெள்ளை.

"ரெண்டுமே செமி ஆட்டோமேட்டிக். ஒண்ணு சுட்டா அடுத்த தோட்டா தானா வந்து நிக்கும். நல்லாப் பார்த்து எடுங்க."

"பாக்காம வாங்குவமுங்களா?" என்று நாச்சிமுத்து வேட்டியை மடிச்சுக் கட்டினார். ரெண்டையும் தரையில இறக்கி வெச்சு, "ஹை! ஹை!" என்று அதட்டினார். ரெண்டும் அசையலை.

"மெரளலைங்க. நல்ல சாது," என்றார் செம்மலை.

"வாலை முறுக்கிப் பாரு மாப்ளே," என்றார் பொங்கியண்ணன்.

செம்மலை குனிஞ்சு ரொம்ப நேரம் தேடினார். "வால் எந்தப் பக்கமுங்க மாமா?"

"ஓட்டை இருக்கறது வாய். அப்ப பிடிதான் வாலு. இதுகூடத் தெரியாம நீயெல்லாம் சந்தைக்கு வர்றே!"

முறுக்கிப் பார்த்தாங்க. துள்ளலை.

"கெடக்குது வுடுங்க," என்றார் நாச்சிமுத்து. "ஏனுங்க கடைக்காரரே, பல்லு எத்தனை?"

தோட்டாவைத்தான் இவங்க ஊர்ல அப்படிச் சொல்றாங்களாக்கும்னு நெனைச்சார் கடைக்காரர். பிடிக்குள்ள தோட்டா அடுக்குற கூட்டை உருவிக் காட்டி, "கறுப்புக்கு எட்டு, வெள்ளைக்குப் பத்து," என்றார்.

மூணு பேரும் மூலையில கூடினாங்க.

"எட்டுன்னா எல்லாப் பல்லும் மொளைச்சுக் கடை சேர்ந்துட்டுது. கெழடு," என்றார் பொங்கியண்ணன்.

"அப்ப பத்து?" என்றார் செம்மலை.

"நாப்பது வருசமா மாடு பாக்கறேன்," என்றார் நாச்சிமுத்து. "எட்டுக்கு மேல எதுக்கும் மொளைக்காது. வெள்ளைக்கு ரெண்டு கட்டுப்பல்லு."

"அடப்பாவி! கண்ணாடி போட்ட மனுசன் செய்யற வேலையா இது!"

செம்மலைக்கு ஒரு சந்தேகம். "பல்லு வாலுக்குள்ள இருக்குதுங்களே?"

"வெளிநாட்டு ரகம். அப்படித்தான் இருக்கும்," என்றார் நாச்சிமுத்து.

கெழடானாலும் நாணயமான கெழடுன்னு கறுப்பையே வாங்கினாங்க. "பன்னி ஓடுமுங்களா?"ன்னு பொங்கியண்ணன் நாலாவது தடவை கேட்கவும் கடைக்காரர் சலிச்சுப்போயிட்டார். "காட்டுக்குக் கொண்டுபோங்க சாமி. மிச்சத்தை அது பார்த்துக்கும்."

கொண்டுபோனாங்க. வரப்புல முளைக்குச்சி அடிச்சு, கழுத்துல கயிறு போட்டுக் கட்டினாங்க. முன்னால ஒரு கத்தை சோளத்தட்டு, ஒரு வாளி பருத்திக்கொட்டைத் தண்ணி. மூணு பேரும் வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கினாங்க.

விடிஞ்சு வந்து பார்த்தா அரை ஏக்கர் கடலையைக் காணோம். சோளத்தட்டையும் பன்னியே தின்னுட்டுது. துப்பாக்கி மட்டும் கட்டின எடத்துல அப்படியே கெடந்தது.

பொங்கியண்ணன் வரப்புல உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டார். "மிச்ச அரை ஏக்கரும் நாளைக்குப் போயிருமே! பேசாம கட்டுப்பல்லையே புடிச்சுட்டு வந்திருக்கலாம்!"

நாச்சிமுத்து முளைக்குச்சியைப் பார்த்தார். கயித்தைப் பார்த்தார். அப்புறம் அந்த ரெண்டு பேரையும் பார்த்தார்.

"ஏப்பா, கட்டிப்போட்டா அது எப்படிப்பா தொரத்தும்? மூளைன்னு ஒண்ணு இருக்குதா உங்களுக்கு?"

கயித்தை அவுத்துவிட்டு, முதுகுல ரெண்டு தட்டுத் தட்டினார். நாலடி நடந்தவர் என்னமோ நெனைச்சுக்கிட்டுத் திரும்பி வந்தார். குனிஞ்சு, "பன்னிக்குப் பின்னாலயே ரொம்பத் தூரம் போயிடாதே," என்று அதுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனார்.