தோற்காதவர்களின் அரண்மனை

முன்னொரு காலத்தில், கடலோரத்துக் கழிநாட்டை வீரகோதண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கடைசியாகக் காதைக் கடித்தவர் சொன்னதே அவனுக்குச் சட்டம்.

அவனுடைய கலாசாலையில் பொன்னாச்சி என்ற பண்டிதை, உப்புத் தண்ணீரிலும் விளையும் நெல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். விதைத்ததெல்லாம் கருகியது. தலைமைப் பண்டிதர் ஏகாம்பரருக்கோ ஒரே கொண்டாட்டம். பழைய ஏடுகளை ஒப்பிப்பதோடு சரி அவர்; வேறு எவராவது புதிதாகத் தேடினால் வயிறு எரியும்.

"மன்னா, தோற்பவர்களுக்குக் கலாசாலையில் என்ன வேலை?" என்று ராஜாவின் காதைக் கடித்தார்.

"அதானே! வரும் பௌர்ணமியோடு அவள் வெளியேறட்டும்!" என்றான் ராஜா.

பொன்னாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அமைச்சர் சேந்தனாருக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் பவ்வியமாகக் கேட்டார்: "அருமையான சட்டம், அரசே! கலாசாலைக்கு மட்டும்தானா?"

"எல்லோருக்கும்தான்! செய்வது பிசகினால் வேலை போச்சு!"

சேந்தனார் உடனே பறையறைவித்தார்.

மதியம் ராஜாவுக்குக் கஞ்சி வந்தது. இரவும் கஞ்சி. மறுநாளும் அதே கஞ்சி. ராஜா கொதித்துப் போய்ச் சமையல்காரரைக் கூப்பிட்டான்.

"பாயசம் திரிந்துபோனால் வேலை போகுமே, மகாராஜா! கஞ்சிதான் என் கையில் ஒருநாளும் கெட்டதில்லை."

அந்நேரம் வீங்கிய கன்னத்தோடு ஏகாம்பரர் ஓடிவந்தார். "மன்னா, பல்வலி உயிர் போகிறது! வைத்தியர் கிட்டே வரமாட்டேன் என்கிறார். பிடுங்கும்போது பல் முறிந்தால் வேலை போய்விடுமாம். அந்தப் பாழாய்ப்போன சட்டத்தை எடுத்துவிடுங்கள்!"

சேந்தனார் மீசைக்குள் சிரித்தார். "தோற்கப் பயந்தவர் தெரிந்ததை மட்டுமே செய்வார், அரசே. நம் கலாசாலையிலும் வெகுகாலமாகக் கஞ்சிதான் வேகிறது."

ராஜாவுக்கு உறைத்தது. சட்டத்தை அங்கேயே எடுத்துவிட்டான். பொன்னாச்சிக்கு இன்னும் நாலு வயல் கொடுக்கச் சொன்னான். அமைச்சருக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். பிறகு ஏகாம்பரர் பக்கம் திரும்பினான்.

"பண்டிதரே, நீர் எதில் தோற்றிருக்கிறீர்?"

"ஒன்றிலும் இல்லை, மன்னா!"

"எதையாவது முயன்றிருக்கிறீரா?"

சபை சிரித்தது. ஏகாம்பரர் தலைகுனிந்தார்.

"சரி, முதலில் பல்லைப் பாரும். பிறகு பொன்னாச்சியிடம் போய் ஒரு பாத்தி கேளும்."

மழைக்காலம் வந்தது. ஒருநாள் முழங்கால்வரை சேறும் கையில் கருகிய நாற்றுமாக ஏகாம்பரர் சபைக்குள் ஓடிவந்தார். வணங்கக்கூட மறந்துவிட்டார்.

"மன்னா, என் நாற்று செத்துப்போச்சு! பக்கத்திலேயே அந்தம்மா நாற்று பச்சைப்பசேலென்று நிற்கிறது. ஏன் என்று தெரியாமல் எனக்குத் தூக்கமே வரவில்லை!"

ராஜா எழுந்து அவரைக் கட்டிக்கொண்டான். பட்டாடையெல்லாம் சேறு.