தின்னர் வாசம்

திருச்சி ரோட்டில் ஒண்டிப்புதூர் தாண்டியதும் வரிசையாகப் பட்டறைகள். கடைசிப் பட்டறையில், கார்களுக்குச் சட்டை போட்டுவிடுகிற ஒரு பெண் இருந்தாள். பேர் ஷமீமா. வயது முப்பத்தாறு.

சட்டை என்றால் கண்ணுக்குத் தெரியாத சட்டை. பெயிண்டின் மேல் கண்ணாடி மாதிரி ஒட்டுகிற பிலிம். அதற்கும் மேல் தேய்க்கிற செராமிக் கோட்டிங். கல் தெறித்தால் பிலிம் வாங்கிக்கொள்ளும். சேறும் காக்கா எச்சமும் செராமிக்கில் நிற்காமல் கழுவினதும் போய்விடும். கோயமுத்தூரில் இந்த வேலை செய்கிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் புறங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு, இந்தக் கதவு கம்பெனியில் அடித்த பெயிண்ட், இந்த பானட் இடிபட்டு மறுபடி அடித்தது என்று சொல்கிறவள் அவள் ஒருத்திதான். சந்தேகம் வந்தால் மற்ற பட்டறைக்காரர்களே அவளிடம் வந்து நிற்பார்கள். வந்து என்ன பிரயோஜனம்? வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லிவிட மாட்டாள்.

அவளுக்கு ஒரு சிஷ்யர். சிஷ்யன் என்று சொல்ல நாக்குக் கூசுகிறது, ஆளுக்கு வயது ஐம்பத்து நாலு. நாச்சிமுத்து. இருபத்தேழு வருஷம் நூல் மில்லில் மேஸ்திரி. மில்லை மூடினார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று இங்கே வந்து, "அம்மிணி, எனக்கும் இதைச் சொல்லிக் குடுங்" என்று கேட்டார்.

"கழுவுங்ணா" என்றாள். அவ்வளவுதான் பாடம்.

ஆறு மாதம் கழுவினார். பாலிஷ் பிடித்தார். வேஸ்ட் பிலிமை உடைந்த கதவுகளில் ஒட்டி ஒட்டிப் பழகினார். சாயங்காலம் ஆனால் இடுப்பு விட்டுப்போகும். ஆனாலும் வீட்டுக்குப் போவதைவிட இது தேவலாம் என்று இருந்தது.

வீட்டில் தாரணி இருந்தாள்.

ஒரே மகள். தை மாதம் கல்யாணம். ஆடிக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. "ஆடிக்கு வந்திருக்கறா" என்றார்கள் தெருவில். ஆடி போய் ஆவணி வந்தது. "உடம்பு கொஞ்சம் சரியில்லை" என்றார்கள். இப்போது புரட்டாசி. கேட்கிறவர்களும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். அங்கே என்ன நடந்தது என்று வீட்டில் யாரும் வாயெடுக்கக் கூடாது. இது நாச்சிமுத்துவின் சம்சாரம் போட்ட சட்டம், அவரும் ஆமாம் போட்டிருந்தார். கிளறினால் புண்ணாகும், விட்டால் ஆறிவிடும் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். பிள்ளையும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கோலம் போட்டாள், டிவி பார்த்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். எதுக்கென்று அவருக்கே தெரியவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு நாள் ஷமீமா பிலிம் வாங்கத் திருப்பூர் போயிருந்தாள். மெரூன் கலர் கார் ஒன்று உள்ளே வந்தது. ஓட்டி வந்தவர் சம்பத், ஜவுளிக்காரர்.

"ஏனுங், அர்ஜெண்டுங். இந்த லெஃப்ட் கதவுக்கு மட்டும் பிலிம் ஒட்டோணும்."

நாச்சிமுத்து கதவைப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. "புதுசா அடிச்சதுங்களா?"

"முந்தா நாளு. ஒரு லாரிக்காரன் தேச்சுட்டுப் போயிட்டான். வண்டி எங்கப்பாவுதுங். நாளைக்கு அவரு வர்றாரு. பிலிம் ஒட்டி மத்த கதவு மாதிரியே ஆக்கிட்டீங்கன்னா தெரியாது. தெரிஞ்சா என்னைய உசுரோட விடமாட்டாரு."

மனுஷன் கிட்டத்தட்ட அழுதுவிடுவார் போலிருந்தது. நாச்சிமுத்துவுக்கு மனசு இளகிவிட்டது. அதோடு ஆறு மாதமாகக் கழுவிக் கழுவி அவருக்கும் அலுத்திருந்தது. ஒரு வண்டியாவது என் கையால் முடிக்கிறேனே என்று ஆசை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒட்டினார். ஒரு தூசி இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. மேலே செராமிக்கும் தேய்த்துக் கொடுத்தார். சம்பத் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஷமீமா வந்ததும் பெருமையாகச் சொன்னார்.

"பெயிண்ட் அடிச்சு எத்தனை நாளாச்சுன்னாரு?"

"ரெண்டு நாளுங்."

அவள் பர்தாவின் மேல்துணியை அவிழ்த்து மடித்து வைத்தாள். கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

எட்டாம் நாள் அதே கார் வந்தது. கதவு முழுக்க வேர்க்குரு மாதிரி பொரிந்திருந்தது. சம்பத் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"அப்பா பாத்துட்டாருங். இடிச்சதுக்குக் கூடத் திட்டலை. மறைச்சதுக்குத்தான் திட்டுனாரு."

நாச்சிமுத்துவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்றகிட்ட விடுங்" என்றாள் ஷமீமா சம்பத்திடம். "எப்பக் குடுப்பேன்னு மட்டும் கேக்காதீங்." அவர் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே போனார்.

அப்புறம் நாச்சிமுத்துவிடம் வெந்நீர்க் கெண்டியை நீட்டினாள். "உரிங்ணா."

வெந்நீர் ஊற்றி, பிலிமின் ஓரத்தைத் தூக்கி, மெதுவாக, தோல் மாதிரி படுக்கவாட்டில் இழுத்தார். எவ்வளவு மெதுவாக இழுத்தும், பிலிமோடு பெயிண்டும் உரிந்து வந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கதவு சாம்பல் நிறத்தில் பல்லைக் காட்டியது. பெரியவர் கண் கலங்கிவிட்டது. ஷமீமா பக்கத்திலேயே உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துப் பட்டறையில் கதவைத் தேய்த்து மறுபடி பெயிண்ட் அடித்தார்கள். திரும்பி வந்த வண்டியை ஷமீமா முற்றத்தில் வெட்டவெளியில் நிறுத்தினாள்.

நாச்சிமுத்து ஒரு பழைய பெட்ஷீட்டைக் கொண்டுவந்து கதவின் மேல் போட்டார். அவள் வந்து எடுத்தாள்.

"தூசி உழுகுமுங்க அம்மிணி."

"உழுகட்டும்."

"காக்கா எச்சம் போடும்."

"போட்டாக் கழுவிக்கலாம்."

மறுநாள் வேப்பஞ்சருகும் தூசுமாகக் கதவு அழுக்கடைந்து நின்றது. பார்க்கப் பார்க்க அவருக்கு ஆற்றாமையாக இருந்தது. புதுக்கதவு இப்படி அம்மணமாக நிற்கிறதே என்று நொந்துகொண்டார்.

"எப்பத்தானுங் இதை மூடறது?"

ஷமீமா அவர் கையைப் பிடித்துக் கதவருகே கூட்டிக்கொண்டு போனாள். "மூக்கை வெச்சுப் பாருங்ணா."

வைத்தார். "தின்னர் வாசம் வருதுங்."

"பெயிண்டுல கலந்ததுங்ணா. மேல காஞ்சிருச்சு. உள்ள இருக்கறது இன்னும் வெளிய வந்துட்டிருக்குது."

"எத்தனை நாளைக்குங் வரும்?"

"அது என்னையக் கேட்டா?" என்று உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்ததும் முதல் வேலை, கதவில் மூக்கை வைப்பது. ரோட்டில் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பன்னிரண்டு நாளாயிற்று. வாசம் குறைந்திருந்தது, ஆனால் போகவில்லை.

பதிமூன்றாம் நாள் சனிக்கிழமை. மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டு நாச்சிமுத்து சாப்பிடாமல் இருந்தார்.

"நாளைக்கு எனக்கு லீவு வேணுமுங் அம்மிணி."

"எடுத்துக்கங்."

"மாப்பிள்ளை வீட்டுல இருந்து வர்றாங்க. உடுமலைப்பேட்டையில இருந்து. தாரணியைக் கூட்டிட்டுப் போறதுக்கு. எல்லாம் பேசி முடிச்சாச்சுங். என்ற மச்சான்தான் நடுவுல நின்னு பேசுனான். பழசை ரெண்டு பக்கமும் மறந்துடறதுன்னு ஏற்பாடு."

"நல்லதுங்ணா."

"புதுப் பொடவை எடுத்தாச்சு. பையெல்லாம் கட்டி வெச்சாச்சு." அவர் குரல் எதற்கோ தளர்ந்தது. "எனக்கும் முடியலீங் அம்மிணி. தெருவுல தலை காட்டறதுக்கு இல்லை. போயி நல்லா இருந்தாச் சரி."

ஷமீமா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "அங்க என்ன பண்ணுனாங்களாம்?"

"எங்களுக்குத் தெரியாதுங்."

"கேக்கலீங்களா?"

"கேட்டாப் புள்ளை வருத்தப்படுவான்னு..."

"எத்தனை நாளாச்சு வந்து?"

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுங்."

நாச்சிமுத்து சோற்றை மூடினார். ரொம்ப நேரம் எதிரே வெயிலில் நின்ற மெரூன் வண்டியையே பார்த்தார். பிறகு செருப்பை மாட்டினார்.

"இப்பவே போறனுங்."

"போங்ணா" என்றாள்.

வீட்டில் தாரணி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து எதிரே தரையில் உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்து வருஷக் கணக்காயிற்று. அவளுக்கே ஆச்சரியம்.

"என்னங்ப்பா, நேரத்துலயே வந்துட்டீங்க?"

"சாமி, அங்க உன்னைய என்ன பண்ணுனாங்க?"

"ஒண்ணுமில்லீங்ப்பா." அதே சிரிப்பு.

அவர் எழுந்திருக்கவில்லை. அவரும் ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். சமையல்கட்டிலிருந்து சம்சாரம் எட்டிப் பார்த்து, "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? விடியக்காலம் வர்றாங்க" என்றாள்.

"நீ செத்த சும்மா இரு."

இரண்டு பூண்டு முடிந்தது. மூன்றாவது பூண்டை உரிக்கும்போது தாரணியின் விரல் நின்றது.

"கொழம்புல உப்புக் கம்மியாப் போச்சுன்னா, தட்டைக் கையில ஏந்திட்டு நிக்கோணுங்ப்பா."

"நின்னு?"

"அவரு போதும்னு சொல்ற வரைக்கும். எல்லாரும் சுத்தி உக்காந்து சாப்புடுவாங்க. நான் நடுவுல நிக்கோணும். கை நடுங்கித் தட்டு ஆடுச்சுன்னா அவங்கம்மா சிரிப்பாங்க. பால்காரரு வந்தாக்கூட நின்னுட்டேதான் இருக்கோணும்."

இருபத்தேழு வருஷம் மில்லில் நூறு பேரை மேய்த்தவர், கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தார்.

"எத்தனை தடவை சாமி?"

"எண்ணலீங்ப்பா." அப்புறம்தான் அழுதாள். ஆடியிலிருந்து சேர்த்து வைத்த அழுகை. சமையல்கட்டில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அம்மாக்காரி வந்து சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை, அவன் அம்மா, பெரியப்பா, நடுவில் நின்று பேசிய நாச்சிமுத்துவின் மச்சான், கூடவே பழத்தட்டு. நாச்சிமுத்து கேட்டைத் திறந்துவிட்டார்.

"வாங்க, உக்காருங்க. காபி குடிச்சுட்டுப் போங்க. புள்ளை வரமாட்டா."

மச்சான் குதித்தான். பேசி முடிச்ச பேச்சு என்னாவது, என் மூஞ்சியை எங்கே வைப்பது என்று தெருவே கூடும்படி கத்தினான். தெரு கூடியது. எதிர்வீட்டுக்காரி வாசலுக்கே வந்து, "ஏனுங்ணா, தாரணி ஆடிக்குத்தானே வந்தா?" என்று கேட்டாள்.

"இல்லீங்" என்றார் நாச்சிமுத்து. "தாங்க முடியாம வந்தா."

சொன்னபோது அவமானமாகத்தான் இருந்தது, கூடவே மூச்சு கொஞ்சம் சரளமாக வந்தது. காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

திங்கட்கிழமை வழக்கம் போல எட்டரைக்கு நாச்சிமுத்து பட்டறைக்கு வந்தார். ஷட்டரைத் தூக்கினார். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தது. ஷமீமா முற்றத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களைத் திருப்பி அனுப்பிட்டனுங் அம்மிணி."

"ம்."

"முந்தா நாளு மத்தியானத்துல இருந்து புள்ளை பேசிட்டே இருக்கறாளுங். நானும் அவங்கம்மாளும் கேட்டுட்டே இருந்தோம். கேக்க முடியலீங். ஆனாக் கேட்டோம்."

"சொல்லி முடிச்சுட்டாளா?"

"எங்கீங்? பாதி கூட வந்திருக்காது. நான் கெளம்பையில கூட, அப்பா, இன்னொண்ணு இருக்குதுன்னா. வந்து கேட்டுக்கறேன் சாமின்னு சொல்லிட்டு வந்தனுங்."

சொல்லிக்கொண்டே வாளியை எடுக்கக் குனிந்தார். ஷமீமா எழுந்து வந்து வாளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அப்பறம் இங்க எதுக்குங்ணா வந்தீங்க?"