குடிக்கவா, பருப்புக்கா?

“இந்த ஊர் எனக்கு ஆகலை, சாமி. நாளைக் காலையில கிளம்புறேன்.”

சாமி இலையிலிருந்த சாம்பாரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

உலகநாதன் சமையல்காரன். சொந்த ஊர்ப் பக்கம் ஐந்நூறு இலைக் கல்யாணத்தையே ஒற்றை ஆளாக நின்று நடத்தியவன். நகரத்தில் பேர் எடுக்கலாமென்று வந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டிலேயே சமைத்து விசேஷங்களுக்கு அனுப்புவான்.

சாமி அவனுக்குக் குரு. அவனைவிட ஐந்து வயது சின்னவர். ஊர் ஊராகப் போகிற துறவி, வழியில் அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

“என்ன ஆச்சு?”

“பருப்பு வேகமாட்டேங்குது, சாமி. மூணு கடை மாத்திட்டேன். முந்தின நாளே ஊறப்போட்டுப் பார்த்தேன். விறகையும் மாத்தினேன். ரெண்டு விசேஷத்துல பல்லுல கடிபட்டுது. அதுக்கப்புறம் ஒருத்தரும் கூப்பிடலை.”

“யாரையாவது கேட்டியா?”

உலகநாதனுக்குச் சுருக்கென்றது.

“பருப்பு வேகவைக்கிறது எப்படின்னா? நானா?”

கேட்கவில்லைதான். கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தான். வேகாத பருப்பை யாரும் பார்த்துவிடக் கூடாதே! அப்படியே பேச ஆளில்லாமல் போயிற்று. சில நாள், தன் குரலைக் கேட்பதற்காகவே கரண்டியைத் திட்டுவான். தனிமை அவனை அரித்துக்கொண்டிருந்தது.

சாமி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தார்.

“ஒரே உப்பு. பக்கத்து வீட்ல கேட்டு வாங்கிட்டு வா.”

“அவங்களோட எனக்குப் பழக்கமில்லையே, சாமி.”

சாமி சொம்பை நீட்டினார்.

பத்தடி தூரம்தான். அதற்குள் இரண்டு தடவை நின்றான், ஒரு தடவை திரும்பினான். கடைசியில் கதவைத் தட்டினான். ராஜாமணி என்ற நடுத்தர வயது அம்மாள் திறந்தாள்.

“கொஞ்சம் தண்ணி வேணும்.”

“குடிக்கவா, பருப்புக்கா?”

“என்ன கேட்டீங்க?”

“குடிக்கன்னா பானையில இருக்கு. பருப்புக்குன்னா பெருமாள் கோயில் குளத்துத் தண்ணிதான். இந்தத் தெருக் கிணத்துத் தண்ணியில பருப்பு என்னைக்கு வெந்துச்சு?”

அவன் கையிலிருந்த சொம்பைப் பார்த்தான்.

“சொல்லணும்னு எட்டு மாசமா நினைக்கிறேன். பெரிய சமையல்காரர்னாங்க. உங்களுக்கு நான் வந்து சொல்றதா? கதவு வேற எப்பவும் சாத்தியே கிடக்கு.” அவள் குரலில் கேலி இல்லை, வருத்தம்தான் இருந்தது. “உங்க பேரு என்னங்க?”

இந்தத் தெருவில் அவனிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். பேரைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“காலையில குடத்தோட வாங்க, குளத்துக்குச் சேர்ந்தே போகலாம். மேலத்தெருவுல ஒரு வளைகாப்பு. சமையலுக்கு ஆள் தேடுறாங்க. போற வழியில கேட்டுடுவோம்.”

உலகநாதன் ஓடிவந்து சாமியின் காலில் விழுந்தான்.

“எல்லாம் தெரிஞ்சுதானே என்னை அங்க அனுப்பினீங்க?”

“எனக்கு என்னப்பா தெரியும்? அடுப்புப் பக்கமே போனதில்லை.”

“அப்புறம் எதுக்கு அனுப்பினீங்க, சாமி?”

“தாகம். தண்ணி எங்கே?”