போகிறவருக்கு நாற்பது பணம்

முன்னொரு காலத்தில் நீலமங்கலம் என்ற நாட்டை மாறவேள் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். பாகற்காய் கசக்கிறது என்று தோட்டக்காரனுக்கு அபராதம் போட்டவர் ஆச்சே!

அவர் சபையில் கச்சிராயர் என்றொரு பிரபு. ராயர் செப்புத் தொட்டிகளை வாங்கிப் போட, செங்கமலம் என்ற சாயக்காரி உழைப்பைப் போட, பாதிக்குப் பாதி கூட்டாகச் சாயப்பட்டறை நடத்தினார்கள். அவள் தோய்க்கிற நீலத்துக்குக் கப்பல்காரர்கள் தவம் கிடந்தார்கள். ஊரெல்லாம் 'செங்கமலத்து நீலம்' என்றே பேச்சு. ராயர் பேர் ஒரு வாயிலும் வரவில்லை. வயிறு எரியாதா? எரிந்தது.

"மகாராஜா, கூட்டைப் பிரித்து விடுங்கள். ஒருவர் பட்டறையில் இருக்கட்டும், மற்றவர் பங்கை வாங்கிக்கொண்டு போகட்டும்" என்றார் ராயர்.

"ஆகட்டும்! ஒப்பந்த ஓலையை நீரே எழுதும்!" என்றார் ராஜா.

சபையில் நின்ற செங்கமலத்துக்குத் திக்கென்றது. பதினைந்து வருஷமாக நகக்கண்ணில் நீலம் போகாத கை அவளுடையது. பட்டறை போனால் அவளுக்கு வேறென்ன இருக்கிறது? ஆனாலும் கண் கலங்கவில்லை.

"ராயர் எழுதினால் சரியாத்தான் இருக்கும், மகாராஜா. எங்க பேரைப் போடாமல் 'இருக்கிறவர்', 'போகிறவர்'னு பொதுவா எழுதட்டும். நாளைக்கு யார் கூட்டுப் பிரிந்தாலும் 'கச்சிராயர் ஓலை'ப்படி பிரியலாமே!"

தன் பேரில் ஒரு சட்டமா! ராயருக்குத் தலைகால் புரியவில்லை. எழுதித் தள்ளினார்: போகிறவருக்கு நாற்பது பணம். தொட்டி, அடுப்பு, வாடிக்கை எல்லாம் இருக்கிறவருக்கு. போகிறவர் இனி இந்த நாட்டில் சாயத்தில் கை வைக்கக் கூடாது.

ராஜா முகம் சுளித்தார். "நாற்பதே பணமா? நியாயமா ஓய்?"

"சாட்சாத் தர்மம், மகாராஜா! போகிறவருக்கு இதுவே அதிகம்!"

முத்திரை விழுந்தது. செங்கமலம் முன்னால் வந்தாள்.

"நம்ம நாட்டில் சொத்துப் பிரித்தால், பங்கு வைக்கிறது அண்ணன், முதலில் எடுக்கிறது தம்பி. பங்காளிக்கு உள்ள முறை கூட்டாளிக்கும் உண்டுதானே? பங்கு வைத்தவர் ராயர். எடுக்கிறவள் நான். நான் இருக்கிறேன், மகாராஜா!"

சந்தைச் செலவுக்கு முந்தானையில் முடிந்திருந்த நாற்பது பணத்தை அவிழ்த்து வைத்தாள். "ராயரே, போய் வாங்க!"

சபை கொல்லென்று சிரித்தது. ராயர் ராஜாவிடம் ஓடினார்.

"சாட்சாத் தர்மம் என்றீரே! எடுத்துக்கொண்டு நடையைக் கட்டும்" என்றார் ராஜா. "உனக்கு என்ன பரிசு வேண்டும், அம்மா?"

"அந்தக் கடைசி வரியை அடிச்சிடுங்க, மகாராஜா. ராயர் தாராளமாச் சாயத்தில் கை வைக்கட்டும். என் தொட்டியில் ஒன்றையும் கொடுத்து அனுப்புறேன்." செங்கமலம் நிமிர்ந்து நின்றாள். "என் நீலத்தை அவர் கையால் தோய்க்க முடிந்தால், விற்கட்டும்!"

தொட்டி வேண்டாமென்றே ராயர் வாசலைத் தாண்டினார். ராஜா தன் வெள்ளைத் தலைப்பாகையைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"முதல் தோய்ப்பு என்னுடையது, அம்மா."